வாடகைக்கு இருப்பவரின் பேச்சைக் கவுன்சில் கேட்குமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மெல்பர்னின் தென்கிழக்கே, கிரேட்டர் டான்டினோங் நகராட்சிக்குள் நோபிள் பார்க்கில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். நிரந்தர வசிப்புரிமை உண்டு, குடியுரிமை இன்னும் வரவில்லை. பக்கத்து மனையில் உள்ள பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடுகள் நான்கு கட்ட ஒருவர் விண்ணப்பித்திருப்பதாக வேலியில் அறிவிப்பு தொங்குகிறது. "எனக்கு ஓட்டு இல்லை, வீடும் என்னுடையது இல்லை, கவுன்சில் ரேட்ஸும் (சொத்து வரி) நான் கட்டவில்லை. என் பேச்சைக் கவுன்சில் கேட்குமா? இங்கே கவுன்சில் என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதானா?" என்று கேட்டிருக்கிறார். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த ஊர்க் கணக்கில் நானும் ஒரு ஆள்தானா என்பதுதான் அது. அதை மனதில் வைத்தே எழுதுகிறேன். விக்டோரியாவில் பதினாறு வருடம் கவுன்சில் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். வழக்கறிஞர் அல்ல. கட்டட விண்ணப்பம் பற்றிச் சொல்வதை என் தொழில் அனுபவமாகவும், வரி, அரசியல் பற்றிச் சொல்வதை உள்ளே இருந்து பார்த்த ஒருவனின் கருத்தாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். நீங்கள் ஆட்சேபம் எழுதலாம், அதைக் கவுன்சில் படித்தே ஆக வேண்டும். விக்டோரியாவின் 1987ஆம் ஆண்டுத் திட்டமிடல், சுற்றுச்சூழல் சட்டம், ஒட்டியுள்ள நிலத்தின் உரிமையாளருக்கும் அங்கே குடியிருப்பவருக்கும் அறிவிப்புக் கொடுக்கச் சொல்கிறது. 'குடியிருப்பவர்' என்ற சொல் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. விசா வகையையோ ஓட்டுரிமையையோ அது கேட்கவில்லை. அனுமதி கொடுத்தால் பாதிக்கப்படக்கூடிய எவரும் எழுதலாம். கட்டணம் கிடையாது. அறிவிப்பில் பதினான்கு நாள் என்று இருக்கும். அந்த நாட்கள் முடியும்வரை கவுன்சில் முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். பதினைந்தாம் நாள் வந்தாலும், முடிவு எடுக்கப்படாத வரை உங்கள் கடிதம் கணக்கில் சேரும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே எழுதுங்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் பெரும்பாலானோர் வாய்ப்பை வீணடிக்கிறார்கள். நான் படித்த ஆட்சேபக் கடிதங்களில் பாதிக்கு மேல் 'எங்கள் தெருவின் மதிப்பு குறைந்துவிடும்', 'வாடகைக்காரர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள்' என்ற வகை. இவற்றை வைத்து ஒரு விண்ணப்பத்தை மறுக்க முடியாது. சொத்து விலை திட்டமிடலில் எடைபோடும் விஷயம் அல்ல. யார் குடிவருவார் என்பது எடைபோடவே கூடாத விஷயம். மேல்மாடி ஜன்னலில் நின்றால் உங்கள் வீட்டு அறையோ முற்றமோ தெரியுமா, உங்கள் ஜன்னலுக்கு வெளிச்சம் மறையுமா, முற்றத்தில் நிழல் எவ்வளவு விழும், கார் நிறுத்த இடம் போதுமா, வரைபடத்தில் மரம் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்பவை எடைபடும். எட்டிப்பார்ப்பதற்கு அளவே இருக்கிறது. ஒன்பது மீட்டர் தூரத்துக்குள் படுக்கையறை அல்லாத உங்கள் அறை ஜன்னலோ முற்றமோ தெரிந்தால், படுக்கையறை அல்லாத மேல்மாடி அறையின் ஜன்னலை அந்த மாடியின் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரம் வரை மறைக்க வேண்டும், அல்லது ஜன்னலின் அடிவிளிம்பையே அந்த உயரத்தில் வைக்க வேண்டும். நிழலைக் கணக்கிடுவது செப்டம்பர் 22ஆம் தேதிச் சூரியனை வைத்து. குளிர்காலத்தில் அதைவிட நீளமாக விழும், ஆனால் விதி பார்ப்பது அந்த நாளை.

ஒரு கடிதம் இன்னும் நினைவில் இருக்கிறது. வயதான ஒரு அம்மா, வாடகைக் குடித்தனம், கையால் எழுதிய அரைப் பக்கம். இலக்கணப் பிழை நிறைய. ஆனால் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: 'என் வீட்டின் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது, நான் தூங்கும் அறை அதுதான், உங்கள் படத்தில் அது இல்லை.' போய்ப் பார்த்தேன். உண்மைதான். விண்ணப்பதாரரின் வரைபடத்தில் அந்தச் சுவர் வெறும் சுவராக இருந்தது. அந்த ஒரு வரியால் புதிய வீட்டின் மேல்தளம் பின்னுக்கு நகர்ந்தது. அதே விண்ணப்பத்துக்கு எதிராகத் தெருவில் நாற்பது பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றும் வந்திருந்தது. அதில் எங்களுக்குப் பயன்படும் ஒரு தகவலும் இருக்கவில்லை. ஆகவே டேப்பை எடுத்து உங்கள் ஜன்னலிலிருந்து வேலிவரை அளந்து எழுதுங்கள். காலையிலும் மதியத்திலும் முற்றத்தைப் படம் எடுத்துச் சேருங்கள். அறிவிப்பில் விண்ணப்ப எண் இருக்கும், அதைக் குறிப்பிட மறக்காதீர்கள். கவுன்சிலைக் கூப்பிட்டு அந்த விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரியிடம் பேசலாம், பேசுவார்கள். ஆங்கிலத்தில் தயக்கம் என்றால் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் என்று சொன்னால் அவர்கள் வழியாகவே பேசலாம்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. 2025 மார்ச் 31 முதல் மாநில அரசு, டவுன்ஹவுஸ் எனப்படும் நகர வீடுகளுக்கும் தாழ்மாடிக் கட்டடங்களுக்கும் புதிய விதித்தொகுப்பைக் கொண்டுவந்திருக்கிறது. மூன்று மாடிவரையான திட்டம் அந்த அளவுகள் எல்லாவற்றையும் நிறைவேற்றிவிட்டால், ஆட்சேபித்தவர் விசிஏடி என்னும் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போக முடியாது. முன்பெல்லாம் கவுன்சில் அனுமதி கொடுக்க முடிவுசெய்தால், 28 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழி அண்டை வீட்டாருக்கு இருந்தது. இப்போது ஏதாவது ஓர் அளவு மீறப்பட்டால்தான் அந்தக் கதவு திறந்திருக்கும். இதனால்தான் அளவுகளைப் பற்றி இவ்வளவு சொன்னேன். இந்த மாற்றம் நல்லதா என்பதில் என் தொழில்காரர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். வீட்டுப் பஞ்சம் உண்மை. உங்களைப் போன்றவர்களுக்கு வாடகை ஏறுவதும் அதனால்தான். மறுபுறம், பேச வாய்ப்பைக் குறைப்பதால் வீடுகள் வேகமாக எழும்புமா என்பது இனிமேல் தெரிய வேண்டியது. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நோபிள் பார்க் போல ரயில் நிலையம் உள்ள ஊரில் நான்கு வீட்டுத் திட்டத்தை முழுவதுமாக நிறுத்துவது அநேகமாக நடக்காது. அதைத் திருத்த வைப்பது நடக்கும்.

சரி, பஞ்சாயத்து மாதிரியா என்று கேட்டீர்கள். ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இந்தியாவில் 1992இல் நிறைவேறிய 73, 74ஆம் திருத்தங்களுக்குப் பிறகு ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசமைப்பிலேயே இடம் உண்டு. ஆஸ்திரேலிய அரசமைப்பில் உள்ளூராட்சி என்ற சொல்லே கிடையாது. அதைச் சேர்க்க 1974இலும் 1988இலும் பொதுவாக்கெடுப்பு நடந்து இரண்டும் தோற்றன. 2013இல் இன்னொன்றுக்குத் திட்டமிட்டுக் கைவிட்டார்கள். ஆகவே கவுன்சில் என்பது மாநிலச் சட்டத்தின் பிள்ளை. மாநிலம் நினைத்தால் பெயரை மாற்றலாம், எல்லையை மாற்றலாம், கலைக்கலாம். 1990களின் நடுவில் அப்போதைய மாநில முதல்வர் கென்னட்டின் அரசு விக்டோரியாவின் 210 கவுன்சில்களை 78 ஆக்கியது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை அனுப்பிவிட்டு ஆணையர்களை நியமித்துத்தான் அதைச் செய்தார்கள். உங்கள் கிரேட்டர் டான்டினோங்கும் அப்படி 1994 டிசம்பரில், பழைய டான்டினோங் நகராட்சியும் ஸ்பிரிங்வேல் நகராட்சியும் சேர்ந்து உருவானதுதான். ஸ்பிரிங்வேலின் பழைய ஆட்கள் சிலர் இன்னும் அந்த நகர மண்டபத்தைத் தங்கள் மண்டபம் என்றே சொல்வார்கள். கேட்கும்போது எனக்கு மனம் கனக்கும். இப்போது மாநிலத்தில் 79 கவுன்சில்கள். பக்கத்துக் கேசியையும், வடக்கே விட்டில்சீயையும் மாநில நாடாளுமன்றம் 2020இல் கலைத்தது. 2024 அக்டோபர் தேர்தல்வரை அங்கே நிர்வாகிகள்தான் ஆண்டார்கள்.

இவ்வளவு பலவீனமான அமைப்பிடம் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். போலீஸ், பள்ளி, ஆஸ்பத்திரி, ரயில், குடிநீர் எதுவும் அவர்களிடம் இல்லை. நோபிள் பார்க்கில் ரயில் பாதையை மேலே தூக்கியது மாநிலம். பெரிய சாலைகளும் மாநிலத்தின் கையில்தான். கவுன்சிலிடம் இருப்பவை உங்கள் தெரு, நடைபாதை, குப்பை, பூங்கா, நூலகம், நீச்சல்குளம், உணவுக்கடைச் சோதனை, தடுப்பூசி முகாம் ஆகியவை. பட்டியலாகப் பார்த்தால் சில்லறை வேலைகள் போலத் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். விக்டோரியாவில் ஒரு குழந்தை பிறந்தால் 48 மணி நேரத்துக்குள் அந்தப் பிறப்பைக் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதை வைத்துத் தாய் சேய் நலச் செவிலியர் வீட்டுக்கு வருவார். பிறகு இரண்டு வாரம், நான்கு வாரம் என்று தொடங்கி மூன்றரை வயதுவரை, அந்த வீட்டுச் சந்திப்பையும் சேர்த்து மொத்தம் பத்து சந்திப்புகள், கட்டணமில்லாமல். தாயின் வயிறு ஆறிவிட்டதா, தூக்கம் இருக்கிறதா, மனம் எப்படி இருக்கிறது, வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாளா என்றும் கேட்பார்கள். அம்மாவும் மாமியாரும் ஊரில் இருக்க, தனியாகப் பிள்ளை பெற்ற எத்தனையோ நம் பெண்களுக்கு முதலில் கதவைத் தட்டிய வெளியாள் அந்தச் செவிலியர்தான். நீங்கள் வாடகைக்கா சொந்தமா என்று யாரும் கேட்பதில்லை. ஊர்க் கணக்கில் நீங்கள் உண்டா என்ற கேள்விக்கு என் பதில் இங்கேயே தொடங்குகிறது.

நம் ஊர்ப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் இங்கே விட்டுவிட வேண்டும். கவுன்சிலரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று நினைத்து அவர் பின்னால் போகாதீர்கள். கவுன்சிலர்கள் கூடி நியமிக்கும் ஊழியர் ஒரே ஒருவர், தலைமை நிர்வாக அதிகாரி. மற்ற எல்லா ஊழியரும் அந்த அதிகாரியின் பொறுப்பு. ஒரு கவுன்சிலர் ஊழியருக்கு நேரடியாக உத்தரவு போடுவது 2020ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டப்படி குற்றம். உங்கள் விண்ணப்பத்தை இப்படி முடி என்று எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால், அதைக் குறித்துவைத்து மேலே அனுப்புவதுதான் என் வேலை. கவுன்சிலர் செய்யக்கூடியவை வேறு. உங்கள் தெருவின் பிரச்சினையைக் கூட்டத்தில் எழுப்பலாம், பட்ஜெட்டில் ஒரு பூங்காவுக்கு ஓட்டுப் போடலாம், ஒரு கொள்கையை மாற்ற முயலலாம். அதற்கு அவரிடம் தாராளமாகப் பேசுங்கள். கிரேட்டர் டான்டினோங்கில் 2020 முதல் 11 வார்டுகள், ஒரு வார்டுக்கு ஒருவர். ஒன்றரை லட்சத்துக்கும் சற்று அதிகமான மக்களைப் பதினொன்றால் வகுத்தால் ஒருவருக்குப் பதினாலாயிரம் பேர்தான். மின்னஞ்சல் போட்டால் அவரே பதில் எழுதும் அளவு சின்ன வட்டம் அது.

ஓட்டைப் பொறுத்தவரை நீங்கள் நினைப்பது பாதி சரி. மாநில வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள் தானாகவே கவுன்சில் பட்டியலிலும் இருப்பார்கள், அதற்குக் குடியுரிமை வேண்டும். ஆனால் குடியுரிமை இல்லாவிட்டாலும், அந்த நகராட்சியில் வசித்துக்கொண்டு அங்கே ரேட்ஸும் கட்டுபவர் விண்ணப்பித்துப் பட்டியலில் சேரலாம். வாடகைக்கு இருப்பதால் இப்போது உங்களுக்கு அந்த வழி இல்லை. நாளைக்கே வீடு வாங்கினால் உண்டு. அடுத்த தேர்தல் 2028 அக்டோபரில். 2024இல் போல அஞ்சல் வழியாக நடந்தால், வாக்குச்சீட்டும் வேட்பாளர்களின் சுயவிவரமும் வீட்டுக்கு வரும். எல்லாக் கட்டங்களிலும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். குடியுரிமை வாங்கிய பிறகு அந்த உறையைக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு அபராதக் கடிதத்தோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைப் பிரித்துப் பாருங்கள்.

ரேட்ஸ் நீங்கள் கட்டவில்லை என்கிறீர்கள். சட்டப்படி அது வீட்டுக்காரர் பொறுப்பு, உங்கள் தலையில் தனியாகக் கட்டக் கூடாது. வாடகைக்குள் அது ஒளிந்திருக்கிறதா, எவ்வளவு என்பது பொருளாதாரக்காரர்கள் இன்னும் விவாதிக்கும் விஷயம். என் மனதளவில், வாடகை கொடுப்பவர் ஏதோ ஒரு பங்கைக் கொடுக்கத்தான் செய்கிறார். வீடு வாங்கும்போது குழம்பாமல் இருக்க ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கவுன்டரில் நின்று கோபப்படுபவர்களில் பெரும்பாலோர் இதில்தான் தடுக்குவார்கள். வீட்டின் மதிப்பு பத்து சதவீதம் ஏறினால் ரேட்ஸும் பத்து சதவீதம் ஏறும் என்பது தப்பு. கவுன்சில் முதலில் மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்கிறது. அந்த மொத்தம் எவ்வளவு ஏறலாம் என்பதற்கு மாநில அமைச்சர் வருடாவருடம் வரம்பு வைக்கிறார். 2024-25க்கு 2.75 சதவீதம், 2025-26க்கு 3 சதவீதம். பிறகு அந்த மொத்தத்தை எல்லாச் சொத்துகளின் மதிப்புக்கும் பங்கிடுகிறார்கள். ஒரு பெரிய பானைச் சோற்றை எத்தனை இலைக்கு எப்படிப் பரிமாறுவது என்பதுதான் மதிப்பீட்டின் வேலை. உங்கள் வீடு மற்ற வீடுகளைவிட அதிகமாக ஏறியிருந்தால் உங்கள் பங்கு கூடும், குறைவாக ஏறியிருந்தால் குறையவும் செய்யும். டான்டினோங் தெற்கின் தொழிற்சாலைகளுக்கு வீடுகளைவிட உயர்ந்த விகிதம் என்பதால், அங்கேயிருந்து நல்ல பங்கு வருகிறது. அதே பில்லில் வரும் அவசர சேவை நிதி கவுன்சிலுக்குப் போவதில்லை. அதை வசூலித்து மாநிலத்துக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் ஊர் வாழ்க்கை என்றால் எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தெருவில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பூங்காவில் பொங்கல் வைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்த வேண்டும் என்று நினைத்தால், அதற்குக் கவுன்சில் வழியாக நடைமுறை உண்டு. ஐந்து பேர் இருந்தால் மாநிலச் சட்டப்படி ஒரு சங்கமாகப் பதிவு செய்யலாம். பதிவு இருந்தால் சமூக நிதிக்கு விண்ணப்பிப்பதும், மண்டபத்தைச் சலுகைக் கட்டணத்தில் கேட்பதும் எளிதாகிவிடும். பொதுப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம் கேட்பார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பொங்கல் என்றால் இன்னொரு சிக்கல்: ஜனவரி நடுப்பகுதி இங்கே கடும் கோடை. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெளியில் விறகு மூட்டவே கூடாது, எந்தக் கவுன்சில் அனுமதியும் அன்றைக்குச் செல்லாது. தடையில்லாத நாளிலும் பூங்காவில் விறகடுப்புக்குத் தனி அனுமதி தேவைப்படும். கரும்பும் கோலமும் தயாராக இருக்க, முந்தின நாள் மாலை அறிவிப்பைப் பார்த்து மண்பானையை மூட்டைகட்டிய குழுக்களை எனக்குத் தெரியும். மண்டபச் சமையலறையை மாற்று ஏற்பாடாகப் பதிவு செய்து வைத்திருந்தவர்கள் மட்டும் அன்றைக்குப் பொங்கினார்கள்.

இந்த நகராட்சியைப் பற்றி எனக்குப் பெருமையும் வருத்தமும் உண்டு. மக்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஆஸ்திரேலியாவிலேயே பல்வகை மக்கள் இவ்வளவு செறிந்து வாழும் இடம் அரிது. 2018இல் புகலிடம் கேட்டு வந்தவர்களுக்காக மேயர்களின் ஒரு கூட்டுக் குழுவை முன்னின்று தொடங்கியது இந்தக் கவுன்சில்தான். விசா கொடுப்பது கூட்டாட்சி அரசின் வேலை, அதில் கவுன்சிலுக்கு எந்த அதிகாரமும் இல்லை. இருந்தும், அரசு உதவித்தொகை நிறுத்தப்பட்ட அந்தக் குடும்பங்கள், அவற்றில் இலங்கைத் தமிழர் கணிசம், தங்கள் தெருவில் இருக்கிறார்கள் என்பதற்காக மேயர்கள் பேசினார்கள். அந்தக் குடும்பங்களில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். வருத்தம் என்று சொன்னது ஃபாஸ்டர் தெருவின் 'லிட்டில் இந்தியா' கடைகளை நினைத்து. டான்டினோங் மையத்தைப் புதுப்பிக்க மாநில அரசு 29 கோடி டாலர் ஒதுக்கி, அந்தப் பகுதி நிலங்களைத் தன் நிறுவனம் மூலம் வாங்கியது. கடைக்காரர்கள் வாடகைக்காரர்களாக, எப்போது காலி செய்ய வேண்டுமோ என்று வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். நிலம் மாநிலத்தின் கையில் இருக்கும்போது கவுன்சிலின் திட்டமிடல் மேசையில் இருப்பவரால் செய்ய முடிவது மிகக் கொஞ்சம்.

கடைசியாக, கூட்டத்துக்குப் போகலாமா என்றால், போகலாம். ரகசியம் என்று சட்டம் அனுமதிக்கும் விஷயங்களைத் தவிர மற்றெல்லாம் பொதுமக்கள் முன்னால்தான் நடக்க வேண்டும். லான்ஸ்டேல் தெருவில், நூலகம் இருக்கும் அதே கட்டடத்தில், கவுன்சில் கூடும் அறையும் இருக்கிறது. வீட்டிலிருந்தே இணையத்தில் நேரலையாகவும் பார்க்கலாம். பொதுமக்கள் கேள்வி நேரத்துக்குக் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பட்ஜெட்டை ஜூன் 30க்குள் நிறைவேற்ற வேண்டும் என்பதால், வரைவு அதற்குச் சில வாரம் முன்பே கருத்துக்கு வெளியாகும். உங்கள் தெருவில் நடைபாதை விளக்கு வேண்டும் என்றால் எழுத வேண்டிய நேரம் அதுதான், ஆகஸ்டில் எழுதினால் அடுத்த வருடக் கணக்குக்குத்தான் போகும். இப்போதைக்கு வேலியில் இருக்கும் அறிவிப்பைப் படம் எடுத்துக்கொண்டு, அந்த எண்ணை வைத்து வரைபடங்களைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை ஜன்னல் காட்டியிருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.